ராபின் ஹூட்டும் கட்டியக்காரனும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் நையாண்டிப் படங்களைப் பற்றி வெளியான கட்டுரையில், மெல் புரூக்ஸ் 1993இல் இயக்கிய ‘ராபின் ஹூட்: மென் இன் டைட்ஸ்’ செல்வரிடம் கொள்ளையடித்து ஏழைகளுக்குக் கொடுக்கும் ஆங்கிலேய நாட்டுப்புறக் கதை நாயகனான ராபின் ஹூட்டைக் கோமாளியாக்கி இழிவுபடுத்திவிட்டது என்று எழுதப்பட்டிருந்தது. அக்கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

அப்படம் கேலி செய்வது ராபின் ஹூட்டை அன்று, அவனை வைத்துப் படமெடுத்தவர்களையே. 1991இல் வெளிவந்த ராபின் ஹூட் படத்தில் கெவின் காஸ்ட்னர் அமெரிக்க உச்சரிப்பில் பேசியதை விமர்சகர்கள் குறைகூறியிருந்தார்கள்; அதை மனத்தில் வைத்துத்தான், வேறு சில ராபின் ஹூட்டுகளைப் போலன்றித் தன்னால் ஆங்கிலேய உச்சரிப்பில் பேச முடியும் என்று இப்படத்தில் ராபின் ஹூட்டாக நடித்த கேரி எல்வெஸ் அலட்டிக்கொள்ளாமல் சொல்கிறார். தொடக்கத்தில் எரியம்புகள் பாய்ந்து கூரைகள் பற்றியெரிய, ராபின் ஹூட் படம் எடுக்கும்போதெல்லாம் தங்கள் ஊரையே கொளுத்துகிறார்கள் என்று கிராமத்தார் புலம்புவதும், வில்வித்தைப் போட்டியில் தோற்ற நாயகன் திரைக்கதைப் பிரதியைப் புரட்டி, தனக்கு இன்னொரு வாய்ப்பு இருப்பதைக் கண்டுபிடிப்பதும் இதே வகையைச் சேர்ந்தவை.

உண்மையில், ராபின் ஹூட்டைப் பற்றிய பழைய கதைப்பாடல்கள் அவனை இதைவிட அதிகமாகவே கேலி செய்திருக்கின்றன. பின்னாளில் தன் தோழனாகும் லிட்டில் ஜானோடு பாலத்தின்மீது கழிச்சண்டை போட்டு ஆற்றில் விழுபவன் அங்கே ராபின் ஹூட்தான். மெல் புரூக்ஸோ ஒரே எட்டில் தாண்டிவிடக்கூடிய ஓடைக்குப் பாலம் போட்டு, அந்தக் கணுக்கால் அளவுத் தண்ணீரில் லிட்டில் ஜானை விழச்செய்து, தனக்கு நீந்தத் தெரியாதென்று அலறவைக்கிறார். நாயகனின் மானம் காப்பாற்றப்பட்டது இதில்தான் என்றுகூடச் சொல்லலாம்.

வட ஆர்க்காட்டுக்காரர்களான நமக்கு இது புதிதும் அன்று. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில், திரைக்குப் பின்னால் நின்று தன் பெருமையைப் பாடும் ராஜவேடத்தை, நீ யார், எந்த ஊர், எதற்காக வந்தாய் என்று கூத்தின் அறிவிப்பாளனும் கோமாளியுமான கட்டியக்காரன் குடைந்து குடைந்து கேட்காமல் விடுவதில்லை. அர்ச்சுனன் வேடத்தைப் பார்த்து அவன் அடிக்கும் கிண்டலுக்குச் சிரித்த அதே பெண்கள்தாம், தவம் செய்யும் காட்சிக்காக நடப்பட்ட உயர்ந்த தபசு மரத்தின் உச்சியிலிருந்து அர்ச்சுனன் எறியும் எலுமிச்சம்பழத்துக்குப் பிள்ளைவரம் வேண்டி மடியேந்தி நிற்கிறார்கள். கேலியால் நாயகன் சிறுத்துப்போவான் என்று செய்யாற்றிலோ ஆரணியிலோ இரவு முழுக்கக் கூத்துப் பார்த்த எவரும் சொல்லமாட்டார்கள்.

நம் திரையுலகிலும் 1954இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘மலைக்கள்ளன்’ முதல் 1983இல் வந்த ‘மலையூர் மம்பட்டியான்’ வரை ஏழைக்கு இரங்கும் கள்ளர்களுக்குப் பஞ்சமில்லை. 2010இல் ‘தமிழ்ப் படம்’ நம் கதாநாயகர்களின் வழக்கங்களையெல்லாம் வரிசையாகப் பகடி செய்தபோது, அந்த நடிகர்களின் ரசிகர்களே திரையரங்கில் கைதட்டிப் பார்த்தார்கள்.

மெல் புரூக்ஸின் படத்தில் குறையே இல்லை என்று நான் வாதாடவில்லை. ராபின் ஹூட்டின் காதலி மரியனின் கற்புக் கவசத்தை வைத்துச் செய்யப்படும் நகைச்சுவை இரண்டாம் முறையே சலித்துவிடுகிறது. ‘காட்ஃபாதர்’ படத்தைப் போலி செய்யும் பகுதி இந்தக் கதையோடு ஒட்டவே இல்லை. கட்டுரையாளர் இவற்றைச் சுட்டியிருந்தால் நானும் உடன்பட்டிருப்பேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காட்பாடி, வேலூர்.