அளவு நோட்டுக்குப் பதிலாக ஒரு விண்டோ

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. உன் சங்கக் கணக்குக்கு விண்டோ வைத்த புரோகிராம் எழுதுவது பற்றியும், அதில் வரும் ‘மெயின்லூப்’ என்ற வரி என்ன செய்கிறது என்றும் கேட்டிருந்தாய். பையனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே மழையும் கொசுவும்தான், வேறு விசேஷமில்லை.

தம்பியின் தையல் கடைக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பெயர், போன் நம்பர், மார்பு, இடுப்பு, கை நீளம் என்று சில கட்டங்கள். கீழே ‘சேமி’, ‘தேடு’ என்று இரண்டு பட்டன். பைத்தான் மொழியும், அதில் விண்டோ, பட்டன் வரைய உதவும் டிகின்டரும் போதும், காசு செலவில்லை. அவன் ‘34½’ என்றுதான் எழுதுவான், அதனால் அளவை எண்ணாக மாற்றாமல் எழுத்தாகவே சேமிக்கிறேன். கழுத்தில் டேப்போடு நிற்பவனுக்கு மவுஸைத் தேட ஏது நேரம்? என்டர் தட்டினால் அடுத்த கட்டத்துக்குப் போகும்படி செய்ததும்தான் நோட்டை மூடி வைத்தான்.

அந்தக் காலத்து விஷுவல் பேசிக் 6 மென்பொருளில் பட்டனை இழுத்து வைத்து இரட்டை கிளிக் செய்வோமே, அந்தச் சொகுசு இதில் இல்லை. ஒவ்வொரு கட்டமும் எந்த வரிசை, எந்தப் பத்தி என்று ‘கிரிடு’ என்ற கட்டளைக்குச் சொல்ல வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் ‘பேக்’ என்ற கட்டளையும் உண்டு. ஒரே ஃபிரேமுக்குள், அதாவது விண்டோவின் ஒரே பகுதிக்குள், கிரிடையும் பேக்கையும் மட்டும் கலந்துவிடாதே.

நீ கேட்ட மெயின்லூப் விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முந்தைய வரிகள் விண்டோவைக் கட்டி முடிக்கும். மெயின்லூப் வந்ததும் புரோகிராம் ஓட்டல் சர்வர் மாதிரி கைகட்டி நிற்கும். கிளிக் வந்தால்தான் அசையும். ஒரு கிளிக்குக்காக நாம் எழுதிய ஃபங்ஷன், அதாவது அந்த வேலைக்கான வரிகள், முடியும்வரை அடுத்ததைக் கவனிக்காது. பட்டனுக்கான வரிகளில் பத்து நொடி ‘ஸ்லீப்’ (சும்மா காத்திரு என்ற கட்டளை) போட்டுப் பார், விண்டோவே உறைந்துபோகும். ‘கொஞ்ச நேரம் கழித்துச் செய்’ என்பதற்கு டிகின்டரிலேயே ‘ஆஃப்டர்’ என்ற கட்டளை இருக்கிறது, ஸ்லீப் வேண்டாம்.

அப்புறம் தமிழ். கடையில் விண்டோஸ், அதனால் பெயர்கள் ஒழுங்காகத் தெரிகின்றன. உன்னுடையது லினக்ஸ் ஆயிற்றே! ‘செல்வி’ என்பதில் கொம்பு, கணினி எழுத்துகளைப் பதியும் யூனிகோடு முறையில், சகரத்துக்குப் பின்னால்தான் பதிவாகிறது. அதை முன்னால் இழுத்து வரைவது மென்பொருளின் பொறுப்பு. டிகின்டருக்கு அடியில் இருந்து வரைவது டிகே என்ற மென்பொருள். லினக்ஸில் டிகே 8.6 அதைச் செய்வதில்லை, கொம்பு பின்னாலேயே நிற்கும். விண்டோ வரையும் இன்னொரு மென்பொருளான கியூட் ஒழுங்காக வரையும். அதனால் உன் சங்கக் கணக்கை, கியூட்டைப் பைத்தானில் பயன்படுத்த உதவும் பைசைடில் எழுது. கற்க இன்னும் கொஞ்சம் நேரமாகும், பரவாயில்லை.

எந்தெந்தக் கட்டம் வேண்டும் என்று பேப்பரில் வரைந்து போட்டோ அனுப்பு. பொங்கலுக்கு வரும்போது சேர்ந்து உட்காரலாம். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்