பெரும்பாக்கத்து அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

பெண்பிள்ளைகளோடு வேலை செய்யும் நம் சிறு அமைப்புகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு தொடங்கலாம் என்று கேட்டேன். அதில் சேர மாட்டேன் என்று நீங்கள் சொன்னபோது என்னால் பதில் பேச முடியவில்லை. உங்கள் கோபம் நியாயமானது. முன்பு ஒரு பெரிய நிறுவனத்தோடு கைகோத்தீர்கள். உங்கள் தையல் வகுப்பின் படங்கள் அவர்களுடைய அறிக்கையில் பளபளவென்று அச்சாகின. உங்கள் அமைப்பின் பெயர் கடைசிப் பக்கத்தில்கூட இல்லை. அதை மறந்துவிடுங்கள் என்று கேட்க எனக்கு உரிமை கிடையாது.

ஆனால் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசியாக வேண்டும். பெயர் எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். வடசென்னை வியாசர்பாடியில் என் மாலை வகுப்புக்கு வந்துகொண்டிருந்தவள். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது கால்வாயோர வீட்டை இடித்து, குடும்பத்தை நகரின் தெற்கு ஓரத்தில் உள்ள உங்கள் பெரும்பாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். பள்ளி 25 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிப்போனது. டிக்கெட் காசு அவளுக்குச் சிக்கலில்லை. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் கிடையாது. இருட்டோடு கிளம்பி இருட்டிய பிறகு திரும்புவதைத்தான் வீட்டில் பொறுக்கவில்லை. நின்றுவிட்டாள். மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு யாரும் அழைக்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியாது. ஏழு மாதம் கழித்து உங்கள் தையல் வகுப்பில்தான் அவளை மறுபடி பார்த்தேன்.

அந்த ஏழு மாதம் அவள் உங்கள் பதிவேட்டிலும் இல்லை, என் பதிவேட்டிலும் இல்லை. ஆண்டறிக்கையில் மட்டும் நாம் இருவருமே அவளைப் பயனாளியாகக் கணக்குக் காட்டியிருந்தோம். அதைக் கவனித்த இரவு நான் தூங்கவில்லை அக்கா.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்தது. நல்ல திட்டம். அந்தப் பணத்தைத் தொட அவள் முதலில் பத்தாம் வகுப்பைத் தாண்ட வேண்டுமே!

பணத்துக்கு வருகிறேன். பொது வங்கிக் கணக்கு வேண்டாம், புதிதாகப் பதிவும் வேண்டாம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை 2020-இல் திருத்திய பின் ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. பெரிய அமைப்புகள் வாங்கிச் சிறிய அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்த வழி அத்தோடு அடைபட்டது. அவரவர் பணம் அவரவரிடமே இருக்கட்டும். ஒருவர் எடுத்த படத்தை அவர் சம்மதமின்றி மற்றவர் அச்சிடக்கூடாது என்பதை முதல் விதியாக எழுதுவோம். அதை நீங்களே எழுதுங்கள்.

நான் பொதுவில் வைக்கச் சொல்வது வேறு. ஒரு பெண் இடம் மாறினால், அவள் சம்மதத்தோடு, அதே வாரம் அந்தப் பகுதி அமைப்புக்கு ஒரு போன். பள்ளியில் டி.சி. வாங்கிப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்கும்வரை கூடவே நிற்க ஒருவர். இன்னொன்று, சொல்வதற்கே கடினமானது. “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று ஒரு சிறுமிக்கு நான் ஒருமுறை வாக்குக் கொடுத்தேன். அவள் சொன்னதைக் கேட்ட பிறகு குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆக வேண்டியிருந்தது. கொடுத்தது சரி. வாக்குக் கொடுத்தது தவறு. அவள் இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை. பேச்சைத் தொடங்கும் முன்பே, புகார் கொடுக்க நேரலாம் என்பதை எப்படிச் சொல்வது, அன்றிரவு அவளை யார் பாதுகாப்பில் விடுவது, மன ஆறுதலுக்கு யாரிடம் அனுப்புவது என்று ஒவ்வோர் அமைப்பும் தனித்தனியாகத் தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றத்துக்கு விலை கொடுப்பவர்கள் பதினான்கு, பதினைந்து வயதுப் பெண்கள்.

முதல் கூட்டத்தை நுங்கம்பாக்கத்து அரங்கில் வைக்கப்போவதில்லை. உங்கள் பிளாக்கின் கீழ்த்தளத்தில், பள்ளி விட்டுப் பெண்கள் வந்து சேரும் நேரத்தில் வைப்போம். அவர்களும் உட்கார்ந்து பேசட்டும்.

அவள் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதப்போகிறாளாம். கணக்குச் சொல்லித்தர ஆள் வேண்டும் என்று கேட்டாள். என்னிடம் ஆசிரியை இருக்கிறார், அங்கே இடம் இல்லை. உங்களிடம் இடம் இருக்கிறது. சனிக்கிழமை தையல் வகுப்பு முடியும் நேரத்துக்கு ஆசிரியையை அழைத்துக்கொண்டு வரட்டுமா?

அன்புடன்,
வியாசர்பாடித் தங்கை