பாவைக்கூத்துக்கு இரவு மேடை கேட்டு கடலூர் மாவட்ட ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் மற்றும் பெற்றோர்கள்,
கடலூர் முதுநகர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கடலூர் மாவட்டம்.

பொருள்: தோல்பாவைக்கூத்து, பொம்மலாட்டக் குழுக்களுக்கு ஆண்டுதோறும் இரவு நிகழ்ச்சிகள் ஒதுக்கித் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் மாவட்டத்தில் தோல்பாவைக்கூத்தும் பொம்மலாட்டமும் ஆண்டுக்குச் சில இரவுகளாவது முழுக் கதையாக, உரிய சம்பளத்தோடு நடக்க வழிசெய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இந்தக் கலைஞர்களை அரசு கூப்பிடுவதே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. கூப்பிடுகிறார்கள். டெங்கு, கை கழுவுதல், வாக்களிப்பு என்று கால் மணி நேரம் பேசிக் காட்டச் சொல்கிறார்கள். அந்தச் செய்திகள் மக்களுக்குத் தேவைதான். ஆனால் அதை மட்டுமே செய்துகொண்டிருந்தால், பாட்டும் வசனமும் கிளைக்கதையுமாகப் பெரியவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் கூத்து அடுத்த தலைமுறைக்குப் போகாது.

எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றுக்கு வெளியூரிலிருந்து தோல்பாவைக் குழு வந்தது. நேரம் காலை பதினொரு மணி. இடம், சுற்றிலும் திறந்த தகரக் கொட்டகை. நிழல் எப்படி விழும்? திரைக்குப் பின்னால் விளக்கு எரிந்தும் வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் குழுவின் பெரியவர் பாவைகளைத் திரைக்கு முன்னால் கையில் தூக்கிப் பிடித்துக் கதை சொன்னார். பிள்ளைகள் ஆசையாகத்தான் கேட்டார்கள். இருந்தாலும் அவர்கள் பார்த்தது கூத்து அல்ல. இதில் யாரையும் குறை சொல்ல விரும்பவில்லை. பள்ளி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற விதிக்குள் இந்தக் கலையை அடைத்தால் இப்படித்தான் ஆகும்.

இது இருட்டில் பார்க்க வேண்டிய கலை. ஆட்டுத்தோலை ஊறவைத்து, மயிர் நீக்கி, இழுத்துக் கட்டி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குச் சுரண்டி எடுக்கிறார்கள். அதன்மேல் உருவம் வரைந்து, நகையும் உடை மடிப்பும் தெரியும்படி சின்ன உளியால் துளையிட்டு, இருபுறமும் சாயம் ஏற்றுகிறார்கள். பின்னால் விளக்கு எரிந்தால்தான் அந்தத் துளைகள் முத்தும் மணியுமாக மின்னும், சிவப்பும் பச்சையும் உயிர்பெறும். ஒரே ஆள் இராமனாகவும் இராவணனாகவும் சீதையாகவும் குரல் மாற்றிப் பேசிக்கொண்டே இரண்டு கையாலும் பாவைகளை ஆட்டுகிறார். நடுநடுவே உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற கோமாளிப் பாவைகள் வந்து ஊர் நடப்பையெல்லாம் கிண்டல் செய்வார்கள். வீட்டில் மராத்தி பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இராமாயணத்தையும் நல்லதங்காள் கதையையும் தமிழில் பாடி நமக்குக் காட்டி வந்திருக்கின்றன. இதற்கு நாம் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்றே நினைக்கிறோம்.

பொம்மலாட்டத்தின் பாடு வேறு. கனம் குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் செய்தாலும், நகையும் பட்டும் ஏறிய ஒரு பொம்மை நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும் வரை இருக்கும். பொம்மையின் கயிறுகள் கட்டிய வளையத்தை ஆட்டுபவர் தன் தலையில் மாட்டிக்கொண்டு, பொம்மையின் கைகளைக் கம்பிகளால் இயக்குகிறார். பொம்மை ஆட, அவரும் கூடவே ஆடியாக வேண்டும். இதைக் கற்க வருடங்கள் பிடிக்கும். வருமானம் வரும் என்று தெரியாமல் எந்த இளைஞன் அந்த வளையத்தைத் தலையில் ஏற்றுவான்?

கேரளத்தின் பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்களில் கூத்துமாடம் என்று தோல்பாவைக்கூத்துக்கென்றே மேடைக் கட்டடம் இருக்கிறது. கோயில் விழாக் காலத்தில் இரவு இரவாக இராமாயணம் நடக்கிறது. அங்கே பாடப்படுவது நம் கம்பன் பாட்டு. அந்த மரபைச் சேர்ந்த இராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கூத்துக்கென்று இடமும் பருவமும் அங்கே உறுதியாக இருப்பதால்தான் பிள்ளைகள் தொழிலுக்கு வருகிறார்கள் என்பது எங்கள் கணிப்பு.

ஆகவே, தங்கள் தலைமையில் இயங்கும் மாவட்டக் கலை மன்றத்தின் மூலம் கடலூர், சிதம்பரம், பண்ருட்டி, விருத்தாசலம் ஆகிய ஊர்களில் ஆண்டுதோறும் இரவு நிகழ்ச்சிகளை நடத்தித் தர வேண்டும். தேதியை முன்கூட்டியே அறிவித்தால் குழுக்கள் ஒத்திகை பார்க்கவும், கோடையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாவை செய்யக் கற்றுக்கொடுக்கவும் முடியும்.

சம்பளத்தைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம். தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் இந்தக் கலைக்குக் கட்டுப்படியாகாது. பொம்மைப் பெட்டிகளை ஏற்றிவரத் தனி வண்டி வேண்டும். திரை, விளக்கு, ஒலிபெருக்கி, வாத்தியக்காரர் எல்லாம் வேண்டும். குழுவுக்கு மொத்தமாக ஒரு தொகையும் வண்டிச் செலவு தனியாகவும் கொடுப்பதே நியாயம்.

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியப் பதிவிலும் தங்கள் உதவி தேவை. ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கும் குடும்பத்துக்கு இருப்பிடச் சான்று வாங்குவதே பெரும்பாடு. குழுக்கள் இங்கே வரும் நாளிலேயே வருவாய்த் துறையினரையும் அழைத்து ஒரு முகாம் நடத்தினால் அலைச்சல் தீரும். அப்புறம், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைக் கொண்டு மூத்த கலைஞர்களின் பாட்டையும் குரலையும் முழு இரவுக் கூத்தாகவே பதிவுசெய்ய ஆவன செய்ய வேண்டும். எழுதி வைக்காத கதைப் பகுதிகள் அவர்களோடு போய்விடக் கூடாது.

முதல் நிகழ்ச்சிக்கு வரும் மாசி மகத்தன்று மாலையைப் பரிசீலிக்கலாம். தேவனாம்பட்டினத்துக்குச் சுற்றுவட்டார மக்கள் எப்படியும் தீர்த்தவாரிக்கு வருவார்கள். கடற்கரை மணலிலேயே வைத்தால் காற்றில் திரை அலையும். சற்று உள்ளே தள்ளி, மூன்று பக்கமும் அடைத்த பந்தல் போட்டு, திரையைச் சுற்றியுள்ள தெருவிளக்குகளைக் கூத்து முடியும்வரை அணைத்து வைக்க மாநகராட்சிக்கு உத்தரவிட வேண்டுகிறோம். பந்தல் வேலைக்கும் குழுவினரின் சாப்பாட்டுக்கும் எங்கள் பகுதிப் பெற்றோர்கள் பொறுப்பேற்றுக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் மற்றும் பெற்றோர்கள்

இடம்: கடலூர்
இணைப்பு: பெற்றோர்களின் கையொப்பத் தாள்