மூர்த்திக்கு, அந்தப் பழைய சண்டையைப் பற்றி

அன்புள்ள மூர்த்தி,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. சாக்குச் சொல்ல மாட்டேன், மன்னித்துவிடு. இங்கே எல்லோரும் நலம். சேகர் மகளுக்கு வேலை கிடைத்த சேதி உனக்கும் வந்திருக்கும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

விடுதி மொட்டை மாடியில் விடிய விடிய நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? பிரபஞ்சம் விரிகிறது என்றால் எதற்குள் விரிகிறது என்று கேட்டாய். வெளியே இருட்டாகக் காலி இடம் கிடக்கும், அதற்குள்தான் என்று அடித்துச் சொன்னேன். "அந்தக் காலி இடம் மட்டும் பிரபஞ்சத்தில் சேராதா?" என்றாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இப்போது எழுத்திலேயே ஒப்புக்கொள்கிறேன்: நீ சொன்னதுதான் சரி.

போன வாரம் ஒரு முழ எலாஸ்டிக்கில் ஒரு விரற்கடைக்கு ஒன்றாக ஊக்குகளைக் குத்தி, இரண்டு பங்கு நீளத்துக்கு இழுத்துப் பார்த்தேன். பக்கத்து ஊக்கு ஒரு விரற்கடை தள்ளிப் போனது, அதற்கு அடுத்தது இரண்டு விரற்கடை. எந்த ஊக்கில் உட்கார்ந்து பார்த்தாலும் மற்றதெல்லாம் விலகுகிறது. தூரத்தில் இருப்பது இன்னும் வேகமாக விலகுகிறது. 1929-இல் வானியலாளர் ஹபிள் கேலக்ஸிகளிடம், அதாவது நட்சத்திரப் பெருங்கூட்டங்களிடம், கண்டது இதைத்தான். பெல்ஜிய இயற்பியலாளர் லெமைத்ர் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே கணக்குப் போட்டு இங்கே வந்து சேர்ந்திருந்தார். ஊக்குகள் பெரிதாகவில்லை, கவனி. கேலக்ஸிகளும் அப்படித்தான், ஈர்ப்பு அவற்றைக் கட்டிப் பிடித்திருக்கிறது.

அந்த எலாஸ்டிக்கில் பொய் என் இரண்டு கைகள்தான். நுனிகளை நான் பிடித்திருப்பதால் 'வெளியே' என்று ஒன்று இருப்பதாகத் தோன்றுகிறது. நுனியே இல்லாத எலாஸ்டிக்கை நினைத்துப் பார். அது இரண்டு பங்கு நீண்டாலும் யார் இடத்தையும் பிடித்துக்கொள்ளவில்லை. இடைவெளிகள் கூடுகின்றன, அவ்வளவுதான்.

ஆனாலும் 'அப்பால்' என்ற சொல்லை நான் விடவில்லை. பிரபஞ்சத்துக்கு வயது 1380 கோடி ஆண்டு. நமக்கு வந்து சேரும் மிகப் பழைய ஒளி, பிரபஞ்சம் பிறந்து ஏறத்தாழ 3,80,000 ஆண்டில் கிளம்பியது; அப்போது எங்கும் கொதிக்கும் மூட்டம்தான். அந்த ஒளியை அனுப்பிய இடம் இப்போது சுமார் 4600 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது (ஒளி ஓர் ஆண்டில் போகும் தூரம்தான் ஒளியாண்டு). 1380 கோடி ஆண்டில் ஒளி எப்படி அத்தனை தூரம் வந்தது என்று சண்டைக்கு வராதே. ஒளி நடக்க நடக்கப் பாதையே நீண்டுவிட்டது.

அந்த இடம் சுவர் இல்லை, நம் பார்வை முடியும் எல்லை. அந்த மூட்டம் இதற்குள் நட்சத்திரங்களாகத் திரண்டிருக்கும். அங்கிருந்து இன்று யாராவது நம் பக்கம் பார்த்தால், நாம் இருக்கும் இடம்தான் அவர்களுக்கு மூட்டமாகத் தெரியும். இதை நினைத்துக்கொண்டு இரண்டு இரவு தூங்காமல் கிடந்தேன், மூர்த்தி. அவர்களுக்கு நாம்தான் விளிம்பு!

இன்னொன்று மனத்தை அறுக்கிறது. விரிவு வேகமெடுக்கிறது என்று 1998-இல் கண்டுபிடித்தார்கள். அதனால் சுமார் 1600 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருந்து இன்று கிளம்பும் ஒளி என்றைக்கும் நம்மிடம் வந்து சேராது. தொலைநோக்கிப் படங்களில் நாம் பார்க்கும் மிகத் தொலைவான கேலக்ஸிகள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டன. அவற்றின் பழைய ஒளி இன்னும் வருகிறது. இன்று அங்கே என்ன நடந்தாலும் நமக்குச் சேதி இல்லை. இருந்தும் அவை இல்லை என்று சொல்ல முடியுமா? பார்க்க முடியாததைப் பற்றிப் பேசாதே என்பாயே, இதற்கு என்ன சொல்கிறாய்?

வேறு வேறு பிரபஞ்சங்கள் குமிழிகளாக இருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். அதற்கு இதுவரை சான்று கிடையாது. அதை இதோடு ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அளந்த வரையில் பிரபஞ்ச வெளி வளைவில்லாமல் தட்டையாகவே இருக்கிறது. அப்படியானால் அது முடிவில்லாமல் போகலாம். அல்லது வளைவு நம் அளவைக்குச் சிக்காத அளவுக்குச் சிறிதாக இருந்து, அது தன்னையே சுற்றி வந்து மூடிக்கொண்டிருக்கலாம். எனக்கு முதலாவதில் சாய்வு. நீ மற்றதைத்தான் பிடித்துக்கொள்வாய், தெரியும். எலாஸ்டிக்கும் ஆறு ஊக்கும் எடுத்துக்கொண்டு உட்கார், அப்புறம் பதில் எழுது. ஒரு பக்கத்தில் முடித்துவிடாதே.

உன்,
ரகு