கரியில் ஒட்டிய மாசு எங்கே போகிறது?

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். ஓய்வு பெற்ற பிறகும் ஆய்வகம் பக்கம் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

உமி, சிரட்டை, கரும்புச் சக்கையிலிருந்து செய்த கரியால் சாயக் கழிவுநீரைச் சுத்தம் செய்யலாம் என்கிறார்களே, நம்பலாமா, உன் மகன் தன் ஆலையில் இதில் இறங்கலாமா என்று கேட்டிருந்தாய். நம்பலாம். காற்றுப் புகாமல் சுட்டு, நீராவி செலுத்திப் பக்குவப்படுத்தினால் கரிக்குள் நுண்துளைகள் திறந்துகொள்ளும். நல்ல சிரட்டைக் கரியில் ஒரு கிராமின் உட்பரப்பு 1,000 சதுர மீட்டர் வரை வரும். கரிம மாசு அந்தப் பரப்பில்தான் ஒட்டுகிறது.

ஆனால் எல்லாக் கரியும் எல்லா மாசையும் பிடிக்காது. சிரட்டைக் கரியின் துளைகள் பெரும்பாலும் 2 நானோமீட்டருக்கும் குறைவு. பீனால் என்ற கரிமச் சேர்மம் மாதிரி சிறிய மூலக்கூறு சுலபமாக நுழையும். பெரிய சாய மூலக்கூறு வாசலிலேயே நின்றுவிடும். மின்சுமையும் பார்க்க வேண்டும். மெத்திலீன் நீலம் என்ற சாயம் நேர்மின்சுமை கொண்டது. தண்ணீர் காரத்தன்மையோடு இருந்தால் கரியின் மேற்பரப்பு எதிர்மின்சுமை பெறும், அதனால் அது நன்றாக ஒட்டும். துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்கள் எதிர்மின்சுமை கொண்டவை, அவற்றுக்கு இது தலைகீழ்.

கட்டுரைகளில் வரும் பெரிய பெரிய எண்கள் பெரும்பாலும் காய்ச்சி வடித்த நீரில் ஒரே ஒரு சாயத்தைக் கரைத்துப் பார்த்தவை. ஆலையிலிருந்து வரும் தண்ணீரில் உப்பு, சோப்பு, பல சாயங்கள் எல்லாம் கலந்திருக்கும். அத்தனையும் அதே இடத்துக்குப் போட்டி போடும்போது கரியின் திறன் இறங்கிவிடும்.

எனக்கு இதைவிடக் கவலை வேறு. கரி மாசை அழிப்பதில்லை, தண்ணீரிலிருந்து தன்மேல் ஏற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்தக் கரியைக் குப்பைமேட்டில் கொட்டினால் மழையில் மறுபடி கசியலாம். சுமார் 800 டிகிரி செல்சியஸில் சுட்டுப் புதுப்பிக்கலாம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கரி எரிந்துபோகும், எரிபொருள் செலவும் உண்டு. மலிவான கரிக்கு அந்தச் செலவைச் செய்ய யாருக்கும் மனம் வருவதில்லை. அதனால் யார் புதுக் கரியோடு வந்தாலும், பயன்படுத்திய பிறகு இதை என்ன செய்வீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

பாக்சைட் தாதுவிலிருந்து அலுமினா எடுக்கும் ஆலைகளில் கழிவாக மிஞ்சும் சிவப்புச் சேறு இந்த விஷயத்தில் எனக்கு நம்பிக்கை தருகிறது. அதிலுள்ள இரும்பு, ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து சாய மூலக்கூறையே உடைக்கும். உலோகம் தண்ணீரில் இறங்குகிறதா என்று மட்டும் கூடவே சோதித்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், மகனை எந்த இயந்திரத்துக்கும் முன்பணம் கட்ட வேண்டாம் என்று சொல். முதலில் அவன் ஆலைத் தண்ணீரிலேயே சோதிக்கட்டும். நிறம் போனதை மட்டும் பார்க்காமல், சிஓடி அளவு, அதாவது தண்ணீரிலுள்ள மாசை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு, முன்னும் பின்னும் எவ்வளவு என்று குறித்து அனுப்பச் சொல். உட்கார்ந்து பார்த்துப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்