'பீஸ் இருக்கா?' என்று கேளுங்கள்

ஆசிரியருக்கு,

ஆளுக்கேற்ற நோயறிதல், ஆளுக்கேற்ற சிகிச்சை என்று மருத்துவப் படிமவியலில் இப்போது நிறையப் பேசப்படுகிறது. வன்னியில் அந்தப் பேச்சை மரபணுவிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. 2009இலும் அதற்கு முன்னரும் போரில் உடம்பில் ஏறிய செல் (எறிகணை) துண்டிலிருந்தே, சனம் 'பீஸ்' என்று சொல்வதிலிருந்தே தொடங்கலாம்.

பெரிய காந்தத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ.க்கு முன் "உடலில் உலோகம் உள்ளதா?" என்று கேட்பார்கள். உலோகம் என்றதும் எலும்புக்கு வைத்த பிளேட்டை நினைத்து "இல்லை" என்று சொல்லிவிடலாம். "செல் பட்டதா? பீஸை எடுத்தவையா, உள்ளுக்கு விட்டவையா?" என்று கேட்டால்தான் சரியான பதில் வரும். "எடுத்தாச்சு" என்றாலும் நம்பிவிடக்கூடாது. நெருக்கடியில் செய்த சத்திரசிகிச்சையில் பெரிய துண்டை மட்டும் எடுத்து, சிறியவற்றைத் தொடாமல் விட்டிருக்கலாம். பேச முடியாத நோயாளி என்றால் வீட்டாரைக் கேட்டு, தழும்பையும் தேடிப் பார்க்க வேண்டும்.

1.5 டெஸ்லா (காந்த வலிமையின் அலகு) எம்.ஆர்.ஐ. காந்தம் பூமியின் காந்தப்புலத்தைவிட ஏறக்குறைய 30,000 மடங்கு வலியது. படம் எடுக்காத நேரத்திலும் அது ஓய்வதில்லை. இழுவை கூடுதலாக இருப்பது நோயாளி நுழையும் குழாயின் வாயிலில், நடுவில் அல்ல. தசைக்குள் பல வருடம் கிடந்த துண்டைத் தழும்பு இறுக்கிப் பிடித்திருக்கும்; பெரும்பாலும் அசையாது. கண்ணுக்குள் இருப்பதை அப்படி நம்ப முடியாது. கண்ணில் இரும்புத் துகள் இருப்பது தெரியாமல் எம்.ஆர்.ஐ. எடுத்த ஒருவர் பார்வையிழந்தது 1986இலேயே மருத்துவ இதழில் பதிவானது. முள்ளந்தண்டு நாண், பெரிய இரத்தக்குழாய் ஆகியவற்றுக்கு அருகில் துண்டு இருந்தாலும் அச்சம்தான்.

ஆகவே முதலில் சாதாரண எக்ஸ்ரே. முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. ஒன்றை மட்டும் எடுத்தால் ஆழம் தெரியாது. கண்ணுக்கென்றால் மேலே பார்க்கச் சொல்லி ஒன்று, கீழே பார்க்கச் சொல்லி ஒன்று. துண்டு இடம் மாறினால் அது விழிக்குள் இருப்பதாகவே கொள்ள வேண்டும். ஐயம் தீராவிட்டால் மெல்லிய வெட்டுகளில் சி.ரி. ஸ்கான் எடுக்கலாம். ஆனால் எக்ஸ்ரேயில் ஈயம், செம்பு, உருக்கு எல்லாம் ஒரே வெள்ளைதான். ஈயத்தைக் காந்தம் இழுக்காது. செல் கோது பெரும்பாலும் உருக்கு. சில துப்பாக்கிச் சன்னங்களின் நடுவிலும் உருக்கு உண்டு. எதனால் பட்டதென்று தெரியாவிட்டால் உருக்கு என்றே வைத்துக்கொள்வது நல்லது.

ஆபத்தில்லை என்று முடிவானாலும் படம் கெடலாம். உருக்கைச் சுற்றிக் கறுப்புக் குழி விழும், பக்கத்து உறுப்பு வளைந்து தெரியும். 3 டெஸ்லாவைவிட 1.5 டெஸ்லாவில் இது குறைவு. பார்க்க வேண்டிய இடத்திலேயே துண்டு கிடந்தால் எம்.ஆர்.ஐ.யால் பயனில்லை.

அப்போது சி.ரி.க்கு மாற்றுவார்கள், அதற்கு அயடின் சாயம் ஊசியில் ஏற்ற வேண்டி வரலாம்; சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது கெடுதலாகலாம். சிறுநீரக நோய் பரவியுள்ள வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளிலிருந்து கிரியேட்டினின் அறிக்கை (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) இல்லாமல் ஆளை அனுப்பினால், ஒரு நாள் கூலியும் பஸ் காசும்தான் நட்டம்.

துண்டு தேடும் எக்ஸ்ரேயை ஒவ்வொரு முறையும் எடுக்கத் தேவையில்லை. துண்டு எங்கே, எத்தனை, எந்த ஆண்டுப் படம் என்பதைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி, படத்தையும் போனில் எடுத்து வைக்கச் சொல்லலாம். சுகாதாரத் திணைக்களம் எம்.ஆர்.ஐ. கேள்விப் படிவத்தில் மாற்ற வேண்டியது 'உலோகம்' என்று கேட்கும் அந்த ஒரேயொரு வரி.

கதிர்ப்படத் துறையினர்,
கிளிநொச்சி