படத்தில் இல்லாத தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

சபையின் ஆண்டுவிழாவில், கர்த்தர் என் வாழ்வில் செய்ததை எடுத்துச் சொல்லும் சாட்சியைத் தனியாக நின்று சொல்ல மாட்டேன் என்று பாஸ்டரிடம் நேற்றுத் தெரிவித்துவிட்டேன். அம்மாவுக்கு வருத்தம். காரணத்தை நேரில் சொல்லத் தொடங்கினால் நீ எழுந்து போய்விடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

2009ஆம் ஆண்டு மே மாதம் அது. மீன்பிடித் தடைக்காலம் அப்போது 45 நாள்தான். ஏப்ரல் 15இலிருந்து லாஞ்சுகள் என்கிற விசைப்படகுகள் காசிமேட்டுத் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன. அப்பா வாசலில் அமர்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அமெரிக்காவிலிருந்து ஊழியப் பயணமாக வந்த குழுவோடு, என் படிப்புக்குப் பணம் அனுப்பிவந்த ஸ்பான்சர் அம்மா நம் வீட்டுக்குள் நுழைந்தபோது, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வைத்திருந்த நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் அமர்ந்தார். நான் எழுதிய கடிதங்களை எல்லாம் ஒரு கோப்பில் அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். நீ மெல்ல நகர்ந்து அவர் அருகில் போய் உட்கார்ந்தாய். அவர் உன்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். முதல் படம் அப்படித்தான் எடுக்கப்பட்டது.

பிறகு, பிராஜெக்ட் கோப்புக்கு வேண்டிய படத்தில் ஸ்பான்சரும் பிள்ளையும் மட்டுமே இருக்க வேண்டும் என்று சொல்லி, ஸ்பான்சர்களின் உதவியைப் பிள்ளைகளுக்குக் கொண்டுசேர்த்த அந்த பிராஜெக்ட்டிலிருந்து வந்த அக்கா உன் கையைப் பிடித்து அப்பால் நிறுத்தினார். நீ வாசலுக்குப் போய் அப்பாவோடு உட்கார்ந்துகொண்டாய். அதன் பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அந்த ஸ்பான்சர் அம்மா உன்னைக் காட்டி ஏதோ கேட்டார். ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளைதான் என்று அக்கா விளக்கினார். அவர் தம் பைக்குள் வெகுநேரம் தேடினார். உனக்கென்று எதுவும் அதில் இல்லை. அடுத்த படத்துக்கு என்னை அணைத்துக்கொண்டபோதும் அவர் பார்வை வாசலில்தான் இருந்தது.

என்னை மன்னித்துக்கொள் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் எதற்காக? பதினொரு வயதுப் பிள்ளை எந்த விதியை வகுத்தது? ஒரே வீட்டில் இருவரைச் சேர்த்தால் இன்னொரு வீட்டின் பிள்ளைக்கு இடம் போய்விடும். நம் தெருவில் எத்தனை தாய்மார் தங்கள் பிள்ளையின் பெயர் வருமா என்று காத்திருந்தார்கள் என்பது உனக்கும் தெரியும். இருந்தும் அந்தப் படத்தை வைத்து எத்தனை ஆண்டுகள் என்னைக் குத்தினாய்! நான் பட்டம் வாங்கிய அன்று உறவினர்களுக்கு முன்னால் “வெள்ளைக்காரர் காசு” என்றாயே, அதை நான் மறக்கவில்லை. மாலை வகுப்புக்கு நீயும் வந்து உட்காரலாம் என்று டியூஷன் சார் பலமுறை கூப்பிட்டார், நீதான் போகவில்லை. அதற்கும் அந்த அம்மாவைக் குறை சொல்லாதே.

புரூஸ் வைடிக் என்ற பொருளாதார அறிஞரும் அவருடன் பணியாற்றியவர்களும் இத்தகைய ஒரு திட்டத்தை இந்தியா உட்பட ஆறு நாடுகளில் ஆராய்ந்து 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஸ்பான்சர் கிடைத்த பிள்ளைகளை அவர்களுடைய உடன்பிறந்தவர்களோடும் ஒப்பிட்டு, முன்னவர்கள் ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலாகப் படித்திருக்கிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். அந்தக் கட்டுரையைப் பற்றி அறிந்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் வீட்டில் அந்த இடைவெளி இன்னும் பெரியது: நீ பத்தாவதோடு நின்றாய், நான் கல்லூரிக்குப் போனேன்.

2017 மார்ச்சில் பிராஜெக்ட் நின்றுபோனது. வெளிநாட்டுப் பணம், அனுமதி, சட்டம் பற்றிய பேச்சுக்குள் நான் போகவில்லை. இதைச் சபையாரும் அக்கம்பக்கத்தாரும் படிப்பார்கள், பாஸ்டருக்குத் தொந்தரவு வரக்கூடாது. நம்மைப் பொறுத்தவரை அந்த அம்மாவின் கடிதங்கள் நின்றன. அவருடைய முகவரியை நமக்கு யாரும் தந்ததில்லை, ஆகவே நன்றி சொல்லி ஒரு வரி எழுதவும் வழியில்லை. என் இறுதியாண்டுக் கட்டணத்தை லாஞ்சில் உனக்குக் கிடைத்த பங்கிலிருந்து நீதான் கட்டினாய். பதினாறு வயதில் அப்பாவோடு கடலுக்குப் போகத் தொடங்கியவன், அந்தப் பணத்தை அம்மா கையில் கொடுத்து, எனக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறாய். அம்மா மறைக்கவில்லையடா.

ஆண்டுவிழாவுக்காக எனக்கு எழுதித் தந்த சாட்சியில் இது எதுவும் இல்லை. அதில் அமெரிக்காவிலிருந்து உதவி வருகிறது, நான் படித்து வேலைக்குப் போகிறேன், சபையார் ஆமென் சொல்கிறார்கள். கர்த்தர் என் வாழ்வில் செய்ததை மறைக்க எனக்கு மனமில்லை. அந்த அம்மாவை நான் சாகும்வரை வாழ்த்துவேன். உன்னை அப்பால் நிறுத்தி எடுத்த அந்தப் படத்தை மட்டும் மேடையில் இன்னொரு முறை எடுக்க விடமாட்டேன்.

நீயும் பக்கத்தில் நிற்பதாக இருந்தால், உன் பங்குப் பணத்தையும் சேர்த்தே சாட்சி சொல்கிறேன் என்று பாஸ்டரிடம் கூறியிருக்கிறேன். அவர் சம்மதித்துவிட்டார். நீ வருவாயா என்று சனிக்கிழமைக்குள் அம்மாவிடம் சொல். வரவில்லை என்றால் நானும் மேடை ஏறமாட்டேன். அதற்காக உன்மேல் எனக்குக் கோபமும் இருக்காது.

உன் அக்கா